மருத்துவமனைத் தொற்று: கிருமி வரும் வழியும் அதை அடைக்கும் வழியும்

மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்குச் சேர்ந்தவருக்கு, தையல் போட்ட இடத்தில் சீழ் வைக்கிறது. பக்கவாதத்தால் ஐசியுவில் இருப்பவருக்குப் பத்தாம் நாள் நிமோனியா வருகிறது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு, இன்குபேட்டரில் இருக்கும்போதே ரத்தத்தில் கிருமி கலக்கிறது. இவர்கள் எந்த நோய்க்காகச் சேர்ந்தார்களோ அது ஒன்று, உள்ளே வந்தபின் பிடித்துக்கொண்டது வேறொன்று. இதைத்தான் மருத்துவமனைத் தொற்று என்கிறோம்.

மருத்துவர்கள் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். சேரும்போது உடலில் இல்லாமல், சேர்ந்து 48 மணி நேரத்துக்குப் பிறகு தலைகாட்டும் தொற்று பொதுவாக இந்த வகையில் சேரும். அறுவை சிகிச்சை செய்த இடத்தில் என்றால் 30 நாள் வரை கணக்கு. செயற்கை மூட்டு போன்ற பொருளை உடலுக்குள் பொருத்தியிருந்தால் 90 நாள் வரை பார்ப்பார்கள். அதற்குள் நோயாளி வீட்டுக்குப் போயிருந்தாலும் அது மருத்துவமனைத் தொற்றுதான்.

இது அரிதான விஷயம் அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, மருத்துவமனையில் சேரும் 100 பேரில், பணக்கார நாடுகளில் 7 பேருக்கும், நம்மைப் போன்ற நடுத்தர, குறைந்த வருமான நாடுகளில் 15 பேருக்கும் குறைந்தது ஒரு தொற்றாவது உள்ளேயே வருகிறது. அப்படித் தொற்று வந்தவர்களில் சராசரியாகப் பத்தில் ஒருவர் இறந்துபோகிறார்.

இதைப் படித்துவிட்டு மருத்துவமனைப் பக்கமே போகக் கூடாது என்று யாரும் முடிவு செய்துவிட வேண்டாம். தேவையான சிகிச்சையைத் தள்ளிப்போடுவதில் இருக்கும் ஆபத்து பல மடங்கு பெரியது. நான் சொல்ல வருவது வேறு. கிருமிக்குக் கால் இல்லை. ஒரு படுக்கையிலிருந்து இன்னொரு படுக்கைக்கு அதை யாரோ ஒருவர், அல்லது ஏதோ ஒரு பொருள், சுமந்து போயாக வேண்டும். அந்த வழிகள் எவை என்று நமக்கு இன்று நன்றாகத் தெரியும். வழி தெரிந்தால் அடைக்கலாம். அதனால் இந்தத் தொற்றை விதி என்று ஏற்றுக்கொள்ளத் தேவையில்லை.

மருத்துவமனையில் மட்டும் ஏன் இவ்வளவு?

கிருமிகள் வீட்டிலும் பேருந்திலும் நம் தோலிலும் குடலிலும் இருக்கின்றன. பெரும்பாலும் அவற்றால் தொல்லை இல்லை. மருத்துவமனையில் மூன்று விஷயங்கள் ஒன்றுகூடுவதால்தான் நிலைமை மாறுகிறது.

முதலாவது, அங்கே இருப்பவர்களின் உடல் தளர்ந்திருக்கிறது. புற்றுநோய் மருந்து எடுப்பவர், சர்க்கரை கட்டுப்படாதவர், தீக்காயம் பட்டவர், பச்சிளங்குழந்தை, முதியவர் ஆகிய எல்லோருக்கும் எதிர்ப்புச் சக்தி குறைவு.

இரண்டாவது, உடலின் இயற்கையான அரண் அங்கே உடைபடுகிறது. தோல்தான் நம்முடைய பெரிய மதில். ஊசியும் கத்தியும் அதைத் திறக்கின்றன. தொண்டையில் குழாய் வைத்திருப்பவரால் இருமிச் சளியை வெளியேற்ற முடியாது. சிறுநீர்ப்பைக்குள் டியூப் இருந்தால் கிருமி ஏறிப்போக நேர்வழி கிடைக்கிறது.

மூன்றாவது, அங்கே ஆன்டிபயாடிக் மருந்துகள் நிறையப் பயன்படுகின்றன. மருந்துக்கு மடியும் கிருமிகள் மடிய, மடியாதவை எஞ்சிப் பெருகுகின்றன. கிளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர், சூடோமோனாஸ், ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்று ஐசியு கல்ச்சர் ரிப்போர்ட்டுகளில் (எந்தக் கிருமி என்று காட்டும் சோதனை முடிவுகளில்) திரும்பத் திரும்ப வரும் பெயர்கள் இப்படி எஞ்சியவற்றின் பெயர்கள்தான்.

முதல் வழி: கை

ஐசியுவில் ஒரு நர்ஸ் மூன்றாம் படுக்கை நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த நோயாளியின் குடலில் மருந்துக்கு அடங்காத கிளெப்சியெல்லா இருக்கிறது. அவருக்கு அதனால் காய்ச்சல்கூட இல்லை, வெறுமனே சுமந்துகொண்டிருக்கிறார். அவர் தோலிலும் படுக்கை விரிப்பிலும் அது ஒட்டியிருக்கிறது, நர்ஸ் கையிலும் ஒட்டுகிறது. அந்த நேரத்தில் நான்காம் படுக்கையில் மருந்து ஏற்றும் பம்ப் கத்துகிறது. ஓடிப்போய் பட்டனை அழுத்துகிறார், டிரிப்ஸ் குழாயின் இணைப்பைச் சரிசெய்கிறார். கையில் அழுக்கு எதுவும் தெரியவில்லை. அவர் அலட்சியமானவரும் இல்லை. ஆனால் சில நொடிகளில் கிருமி ஓர் உடலிலிருந்து இன்னோர் உடலின் ரத்தக் குழாய் வாசலுக்கு வந்து சேர்ந்துவிட்டது.

இந்த உண்மையை 1847-லேயே வியன்னாவில் இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் கண்டுகொண்டார். பிணப் பரிசோதனை செய்த கையோடு மருத்துவர்கள் பிரசவம் பார்க்க வந்ததுதான் தாய்மார்களின் சாவுக்குக் காரணம் என்று உணர்ந்து, குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவ வைத்தார். அந்த ஏப்ரல் மாதம் 18 சதவீதமாக இருந்த இறப்பு, ஜூனில் 2 சதவீதத்துக்கு இறங்கியது. கிருமி என்ற ஒன்று நோய் தரும் என்பதே அப்போது நிறுவப்படவில்லை.

இன்று உலக சுகாதார நிறுவனம் கை சுத்தம் செய்ய வேண்டிய ஐந்து தருணங்களைச் சொல்கிறது. நோயாளியைத் தொடுவதற்கு முன். ஊசி போடுவது, கட்டு மாற்றுவது போன்ற சுத்தமான வேலைக்கு முன். ரத்தம், சளி, சிறுநீர் போன்றவை கையில் பட வாய்ப்பிருந்த வேலைக்குப் பின். நோயாளியைத் தொட்ட பின். நோயாளியைத் தொடாவிட்டாலும் அவருடைய கட்டில், மேசை, மானிட்டரைத் தொட்ட பின். கடைசித் தருணம்தான் எளிதில் மறந்துபோகிறது.

ஆல்கஹால் கைதேய்ப்பான் என்றால் 20 முதல் 30 நொடி தேய்க்க வேண்டும். சோப்புத் தண்ணீர் என்றால் தொடக்கம் முதல் துடைத்து முடிக்கும் வரை 40 முதல் 60 நொடி. கண்ணுக்கு அழுக்கு தெரிந்தால் சோப்புதான். கடும் வயிற்றுப்போக்கைத் தரும் கிளாஸ்ட்ரிடியோய்டீஸ் டிஃபிசில் என்ற கிருமியின் வித்துகளை ஆல்கஹால் கொல்லாது. அந்த நோயாளியைப் பார்ப்பவர் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவித்தான் ஆக வேண்டும். கையுறை போட்டிருந்தால் போதும் என்ற நினைப்பும் தவறு. ஒரே கையுறையோடு இரண்டு நோயாளிகளைத் தொட்டால் அது வெறுங்கையால் தொட்டதற்குச் சமம்.

இவ்வளவு தெரிந்தும் ஏன் செய்வதில்லை? ஒரு நர்ஸ் ஒரே ஷிப்டில் பல நோயாளிகளைப் பார்க்கும்போது, ஒவ்வொரு முறையும் வார்டு கோடியில் இருக்கும் சிங்க்குக்கு நடந்து போய் வர அவருக்கு நேரம் கிடையாது. ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனைகளில் டிடியே பிட்டேயும் அவர் குழுவினரும் இந்த இடத்தில்தான் கை வைத்தார்கள். ஆல்கஹால் பாட்டிலைப் படுக்கைக்குப் பக்கத்திலேயே வைத்தார்கள், ஊழியர்களின் பாக்கெட்டிலும் கொடுத்தார்கள், யார் எவ்வளவு கடைப்பிடிக்கிறார்கள் என்று கவனித்து அவர்களிடமே சொன்னார்கள். 1994-ல் 48 சதவீதமாக இருந்த கை சுத்தம் 1997-ல் 66 சதவீதமாக உயர்ந்தது. மருத்துவமனைத் தொற்று 16.9 சதவீதத்திலிருந்து 9.9 சதவீதமாக இறங்கியது. ஊழியரைத் திட்டுவதால் வராத மாற்றம், பாட்டிலை எட்டும் தூரத்தில் வைத்ததால் வந்தது. அதனால் கை சுத்தத்துக்கு நர்ஸை மட்டும் பொறுப்பாக்குவது நியாயம் இல்லை, நிர்வாகத்துக்கும் அதில் பெரிய பங்கு உண்டு.

இரண்டாம் வழி: உடலுக்குள் போகும் குழாய்கள்

மருத்துவமனைத் தொற்றுகளில் முக்கியமான நான்கில் மூன்று, குழாயோடு சம்பந்தப்பட்டவை. சிறுநீர் டியூபால் வரும் சிறுநீர்த் தொற்று, கழுத்து அல்லது நெஞ்சில் உள்ள பெரிய ரத்தக் குழாயில் வைக்கும் சென்ட்ரல் லைனால் வரும் ரத்தத் தொற்று, வென்டிலேட்டரால் வரும் நிமோனியா ஆகியவை அந்த மூன்று. நான்காவது அறுவை சிகிச்சைப் புண்ணில் வருவது.

குழாயில் அப்படி என்ன நடக்கிறது? பிளாஸ்டிக் பரப்பில் ஒட்டும் பாக்டீரியாக்கள் கொஞ்ச நேரத்தில் பசை போன்ற ஒன்றைச் சுரந்து, தங்களைச் சுற்றி ஒரு படலம் கட்டிக்கொள்கின்றன. பல நாள் தேய்க்காத தண்ணீர்த் தொட்டியின் உள்சுவரைத் தொட்டால் வழுவழுவென்று இருக்குமே, அதைப் போன்றதுதான் அது. அந்தப் படலத்துக்குள் இருக்கும் கிருமியை ஆன்டிபயாடிக்காலும் எளிதில் கொல்ல முடிவதில்லை, நம் வெள்ளை அணுக்களாலும் எளிதில் நெருங்க முடிவதில்லை. தொற்று வந்த குழாயைப் பல நேரங்களில் எடுத்தே ஆக வேண்டியிருப்பது இதனால்தான்.

சிறுநீர் டியூப் வைத்திருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் கிருமி சேரும் வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம். நாள் கூடக் கூட இது சேர்ந்துகொண்டே போகும். ஆகவே மிகச் சிறந்த தடுப்பு, தேவை முடிந்த அன்றைக்கே டியூபை எடுத்துவிடுவதுதான். படுக்கை நனையாமல் இருக்கிறதே, எழுப்பிக் கூட்டிப்போகும் சிரமம் இல்லையே என்பதற்காக மட்டும் அதை விட்டுவைக்கக் கூடாது.

இன்னொரு சின்ன விஷயம். ஸ்கேனுக்கு அழைத்துப் போகும்போது, டியூபிலிருந்து சிறுநீர் சேரும் பிளாஸ்டிக் பையைத் தூக்கி நோயாளியின் வயிற்றின் மேலோ கால்களுக்கு நடுவிலோ வைத்துவிடுவது வழக்கம். அந்தப் பை, உடலுக்குள் இருக்கும் சிறுநீர்ப்பையின் மட்டத்துக்கு மேலே போனால் உள்ளே இருப்பது திரும்ப உடலுக்குள் ஓடும். அதனால் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும். அதே சமயம் தரையைத் தொடவும் கூடாது.

சென்ட்ரல் லைன் விஷயத்தில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் பெரிய பாடம். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பீட்டர் புரோனோவோஸ்ட் வழிகாட்டலில், 2003 முதல் அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட ஐசியுக்கள் ஐந்தே ஐந்து செயல்களைக் கடைப்பிடித்தன. கை கழுவு. லைன் போடும்போது தொப்பி, மாஸ்க், கவுன், கையுறை, நோயாளியை முழுக்க மூடும் சுத்தமான துணி எல்லாவற்றையும் பயன்படுத்து. தோலை குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கொண்டு சுத்தம் செய். முடிந்தவரை தொடையில் போடாதே. தேவை முடிந்ததும் எடுத்துவிடு. இதில் ஒன்றை மருத்துவர் விட்டுவிட்டாலும் நிறுத்தச் சொல்லும் அதிகாரம் நர்ஸுக்குத் தரப்பட்டது. ஆயிரம் லைன்-நாட்களுக்கு (ஒரு நோயாளிக்கு லைன் இருக்கும் ஒவ்வொரு நாளும் ஒரு லைன்-நாள்) சராசரியாக 7.7 என்றிருந்த ரத்தத் தொற்று, ஒன்றரை ஆண்டில் 1.4 ஆனது. புதிய மருந்து எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை. மருத்துவரைத் தடுத்துக் கேட்க நர்ஸுக்கு இடம் கொடுத்ததுதான் இதில் நாம் முக்கியமாகக் கற்க வேண்டியது.

வென்டிலேட்டரில் இருப்பவருக்கு மருத்துவர் வேண்டாம் என்று சொல்லாத வரை, தலைப் பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும். மட்டமாகப் படுத்திருந்தால் வயிற்றில் உள்ளதும் வாயில் ஊறுவதும் நுரையீரலுக்குள் இறங்கும். வாயைச் சுத்தமாக வைப்பதும், தானே மூச்சுவிட முடிகிறதா என்று தினமும் சோதித்துப் பார்ப்பதும் நிமோனியாவைத் தள்ளிவைக்கும்.

மூன்றாம் வழி: பொருளும் தண்ணீரும்

கட்டில் கம்பி, கதவுக் கைப்பிடி, ஸ்டெதாஸ்கோப், செல்போன் எல்லாமே கிருமி தங்கும் இடங்கள். உலர்ந்த பரப்பில் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் ஏழு நாள் முதல் ஏழு மாதம் வரையும், அசினெட்டோபாக்டர் மூன்று நாள் முதல் ஐந்து மாதம் வரையும் உயிரோடு இருக்கக் கூடும். முன்பு அந்தக் கட்டிலில் படுத்திருந்தவர் விட்டுச்சென்றது, இப்போது படுத்திருப்பவருக்கு வரலாம். கிருமிநாசினியைத் தெளித்த கையோடு துடைத்துவிட்டால் பயன் குறைவு. முதலில் அழுக்கைத் தேய்த்து எடுக்க வேண்டும், பிறகு மருந்து அதற்குரிய நேரம் வரை ஈரமாகப் பரப்பில் நிற்க வேண்டும். இதைச் செய்யும் துப்புரவுப் பணியாளருக்கு ஒழுங்கான பயிற்சியும் போதிய நேரமும் கௌரவமான சம்பளமும் தர வேண்டும். நோயாளியின் உயிரைக் காப்பவர்களில் அவரும் ஒருவர்.

கிருமி எவ்வளவு மறைவாகப் போகும் என்பதற்கு, அமெரிக்காவின் பெதஸ்டாவில் உள்ள தேசிய சுகாதார நிறுவனங்களின் மருத்துவமனையில் 2011-ல் நடந்ததைப் பார்க்கலாம். அந்த ஆண்டு ஜூனில், பல மருந்துகளுக்கு அடங்காத கிளெப்சியெல்லா இருக்கும் ஒரு நோயாளி நியூயார்க்கிலிருந்து அங்கே மாற்றப்பட்டார். விஷயம் முன்பே தெரியும், அவரைத் தனிமைப்படுத்தித்தான் வைத்தார்கள். ஜூலையில் அவர் டிஸ்சார்ஜ் ஆனார். ஆகஸ்டில் இன்னொருவரிடம் அதே கிருமி தென்பட்டது. பிறகு ஏறக்குறைய வாரம் ஒருவர். முதல் நோயாளியையும் சேர்த்து மொத்தம் 18 பேரிடம் அது காணப்பட்டது. 11 பேர் இறந்தார்கள், அதில் 6 பேரின் சாவுக்கு இந்தத் தொற்றே காரணம் என்று மருத்துவர்கள் கருதினார்கள்.

ஒவ்வொரு நோயாளியிடமும் எடுத்த கிருமியின் மரபணுவை முழுதாகப் படித்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டார்கள். எல்லாமே அந்த முதல் நோயாளியிடமிருந்து வந்தவை என்று உறுதியானது. யாரிடம் முதலில் கண்டுபிடித்தார்களோ அவர்தான் முதலில் தொற்றியவர் என்பதும் இல்லை என்று தெரிந்தது. வெளியே எந்த அறிகுறியும் இல்லாமல் சிலர் வாரக்கணக்கில் சுமந்திருந்தார்கள். சிங்க்கின் கழிவுநீர்த் துளைகளிலும், சுத்தம் செய்து வைத்திருந்த ஒரு வென்டிலேட்டரிலும்கூட அது இருந்தது. தனிச் சுவர் எழுப்பி, குழாய்களைப் பெயர்த்து, அறைகளில் ஹைட்ரஜன் பெராக்சைடு ஆவி செலுத்தி, கை கழுவுவதைக் கவனிக்கவே ஆள் போட்டு, நோயாளிகள் அனைவருக்கும் சோதனை செய்தபிறகுதான் அந்தப் பரவல் அடங்கியது.

கை கழுவும் சிங்க்கே எப்படிக் கிருமி பரப்பும் என்பதை கனடாவின் டொரன்டோ பொது மருத்துவமனை காட்டியது. 2004 முதல் 2006 வரை அங்கே 36 நோயாளிகளிடம் ஒரே வகை சூடோமோனாஸ் பரவியது. சிங்க்கின் கழிவுநீர்த் துளைக்குள் ஒளிரும் சாயத்தை ஊற்றிக் குழாயைத் திறந்து பார்த்தார்கள். ஆழம் குறைந்த அந்தத் தொட்டியில் தண்ணீர் நேராகத் துளையில் விழுந்து, ஒரு மீட்டருக்கும் குறையாத தூரம் தெறித்தது. மருந்து தயாரிக்கும் மேடை அந்தத் தூரத்துக்குள் இருந்தது. சிங்க்கை மாற்றி அமைத்ததும் பரவல் நின்றது. மருத்துவமனை கட்டும் பொறியாளருக்கும் இதில் பொறுப்பு உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அறுவை சிகிச்சைப் புண்

அறுக்கும் இடத்தில் உள்ள முடியை ரேஸரால் வழிக்கும் பழக்கம் நல்லதல்ல. கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் கிருமி குடியேறும். முடியை எடுத்தே ஆக வேண்டும் என்றால் கிளிப்பர் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தடுப்புக்காகத் தரும் ஆன்டிபயாடிக், கத்தி வைப்பதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்குள் உடலில் ஏற வேண்டும். அறுவை முடிந்தபிறகு தடுப்புக்கென்று நாள் கணக்கில் அதைத் தொடர்வதால் பலன் இல்லை, எதிர்ப்புள்ள கிருமிதான் வளரும்.

மருந்துக்கு அடங்காத கிருமி

"ஸ்ட்ராங்கான மருந்து கொடுத்தால் சரியாகிவிடாதா?" என்று பலரும் கேட்கிறார்கள். அப்படி நம்பியிருக்க முடியாது. மெத்திசிலின் என்ற ஆன்டிபயாடிக் பயன்பாட்டுக்கு வந்து ஓரிரு ஆண்டுக்குள், 1961-ல், அதற்கு அடங்காத ஸ்டாஃபிலோகாக்கஸ் பிரிட்டனில் பதிவாகிவிட்டது. நமக்கு இன்னும் நெருக்கமான செய்தி 2010-ல் வந்தது. சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமியை முதல் ஆசிரியராகக் கொண்டு, லான்செட் குழும இதழ் ஒன்றில் ஒரு கட்டுரை வெளியானது. கடைசிக் கட்ட மருந்துகளான கார்பபெனெம்களையே செயலிழக்கச் செய்யும் என்டிஎம்-1 என்ற நொதியை உண்டாக்கும் கிருமிகள் சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37 என்று அதில் காட்டப்பட்டது. அந்த மரபணு ஒரு வகை பாக்டீரியாவிலிருந்து இன்னொரு வகைக்குத் தாவக்கூடியது என்பதுதான் கவலைக்குரியது. இந்த ஆபத்தை எதிர்கொள்ள 2012-ல் இந்திய மருத்துவர்கள் சென்னையில் கூடி வகுத்த திட்டமே சென்னைப் பிரகடனம். புது மருந்துக்காகக் காத்திருப்பதைவிட, தொற்று வராமல் தடுப்பதே இன்று நம் கையில் உள்ள வலுவான ஆயுதம்.

நோயாளியும் உடன் இருப்பவரும் செய்ய வேண்டியவை

நம் ஊரில் நோயாளியைச் சாப்பிட வைப்பது, துடைத்துவிடுவது, புரட்டிவிடுவது எல்லாம் பெரும்பாலும் கூட இருக்கும் சொந்தக்காரர்தான். அதனால் நர்ஸுக்குச் சொல்லும் கை சுத்தம் அவருக்கும் பொருந்தும்.

• நோயாளியைத் தொடும் முன்பும் பின்பும் கை கழுவுங்கள். பக்கத்துப் படுக்கைக்காரருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பதும் எழுந்திருக்கக் கை கொடுப்பதும் நல்ல மனசு. அங்கே போகும் முன்பும் திரும்பி வந்த பின்பும் கை கழுவிவிட்டால் அந்த உதவி முழுமையாகும்.

• தொடும் முன் கை சுத்தம் செய்தீர்களா என்று மருத்துவரையோ நர்ஸையோ கேட்கலாம். "சிஸ்டர், கோவிச்சுக்காதீங்க, ஒரு தடவை சானிடைசர் போட்டுக்கிறீங்களா?" என்று பணிவாகக் கேட்பதில் தவறே இல்லை.

• தினமும் காலை ரவுண்டில் ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த டியூப் இன்னைக்கும் தேவையா, டாக்டர்?"

• டிரிப்ஸ் ஊசி போட்ட இடம் சிவந்தாலோ, வீங்கினாலோ, வலித்தாலோ உடனே சொல்லுங்கள். கட்டைப் பிரித்துப் பார்க்காதீர்கள், நனைய விடாதீர்கள்.

• சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு இருந்தால் பார்க்கப் போகாதீர்கள். போனில் விசாரித்தாலே போதும். கட்டிலில் உட்கார வேண்டாம், பிள்ளைகளை அழைத்துப் போக வேண்டாம்.

• வேறு மருத்துவமனைக்கு மாற்றும்போது முந்தைய கல்ச்சர் ரிப்போர்ட்டையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் கையோடு கொண்டுபோய், சேரும்போதே காட்டுங்கள். எதிர்ப்புள்ள கிருமி இருந்தது என்று முதல் நாளே தெரிந்தால்தான் அடுத்த படுக்கையில் இருப்பவரைக் காப்பாற்ற முடியும்.

• வீட்டுக்கு வந்தபின் புண்ணில் சிவப்பு, சூடு, சீழ், காய்ச்சல் எது வந்தாலும் அறுவை செய்த மருத்துவரிடமே காட்டுங்கள். கடையில் நீங்களாகவே மருந்து வாங்கிப் போட வேண்டாம்.

மருத்துவமனைகளிடமும் நாம் ஒன்று கேட்க வேண்டும். அறுவை சிகிச்சைக்கு இடம் தேடும்போது கட்டணத்தையும் அறை வசதியையும் விசாரிக்கிறோம். "இங்கே தொற்றுத் தடுப்புக் குழு இருக்கிறதா? தொற்று எத்தனை பேருக்கு வருகிறது என்று கணக்கு எடுக்கிறீர்களா?" என்றும் விசாரிப்போம். ஜெனீவாவிலும் மிச்சிகனிலும் தொற்று குறைந்ததற்கு ஒரு முக்கியக் காரணம், அங்கே அதை மறைக்காமல் எண்ணியதும், எண்ணியதைத் தங்கள் ஊழியர்களிடம் சொன்னதும்தான். எண்ணாத மருத்துவமனைக்குத் தன்னிடம் தொற்று இருப்பதே தெரியாது. கேட்கும் நோயாளிகள் பெருகினால் எண்ணும் மருத்துவமனைகளும் பெருகும்.